சாமி உத்தரவும் ஜப்தி என்கிற நாயும்

போன வாரம் அந்தச் செவலைக் கன்றுக்குக் கழிச்சல் கண்டபோது நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். ஒருவர் தண்ணீர் சரியில்லை என்றார். ஒருவர் தீவனத்தைக் குறை சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கன்று மெலிந்திருக்கிறதே என்று காலையில் ஒருவர் கூடுதலாகப் பால் புகட்டினார். அது தெரியாமல் அடுத்தவர் வந்து புகட்டினார். அப்புறம் மற்ற இரண்டு பேரும். நாலு பேருமே நல்லவர்கள், ஆனால் நாலு பேரும் ரகசியமாக நல்லவர்கள். அந்தக் கன்றுக்கு வந்த வியாதி அதுதான்.

பண்ணைப் பொறுப்பை மகனிடம் விட்டபிறகு எனக்கு இருக்கிற ஒரே வேலை உங்களைக் கவனிப்பது. நீங்கள் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஊசி போடவும் தீவனம் கலக்கவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு குடும்பம் முழுக்க ரகசியமாக நல்லது செய்து, அதனாலேயே ஒரு நாயை இழக்க இருந்த கதையைச் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் அடுத்த கன்றுக்காவது ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் பால் கொடுங்கள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். அப்போது இது பண்ணை இல்லை, கிடை. பகலில் மாடுகளை மேய்த்து, ராத்திரியில் யாராவது ஒருவருடைய புஞ்சையில் அடைத்துப் போடுவோம். சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலக்காரர் அதற்குச் சோளமோ கம்போ தருவார், அறுப்பு முடிந்த காட்டில் மேயவும் விடுவார். பாலைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்துச் சங்கரன்கோவில் சந்தைக்கு அனுப்புவோம். வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான். இவர்கள் எல்லோரையும்விட அதிகமாக உழைத்தது ஒரு நாய்.

அந்த நாயின் பெயர் ஜப்தி. கோர்ட்டு ஆள் வந்து வீட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போவார்களே, அந்த ஜப்திதான். குட்டியாக இருந்தபோதே அது அந்த வேலையைத்தான் செய்தது. அகப்பை, செருப்பு, உலரப்போட்ட கோவணம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிலேட்டு, எதைக் கண்டாலும் வாயில் கவ்விக்கொண்டு வந்து மாமனாரின் காலடியில் போட்டுவிட்டு வாலாட்டும். மாமனாருக்குப் பாதி நாள் ஊர்ச் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதிலேயே போயிற்று. பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல முடியாது. ஒரு காது மடங்கியிருக்கும், மற்றது பாதிதான் இருக்கும். நிறத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வரும்.

ஆனால் வேலை என்று வந்தால் அதற்கு இணை கிடையாது. என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, ஓடத்தான் முடியாது. ஓடுகிற வேலை முழுக்க ஜப்தியுடையது. அவர் கம்பைத் தூக்கிக் காட்டுகிற திசையில் போகும். விலகிப்போன மாட்டின் குதிகாலை வலிக்காமல் கவ்வித் திருப்பிக்கொண்டு வரும். அந்த நாய் இல்லாவிட்டால் அவர் வீட்டோடு முடங்க வேண்டியதுதான். அப்படி முடங்கினால் மனிதர் பாதியாகிவிடுவார் என்பது கல்யாணமான கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லாத மனிதர். அதனால் வீட்டில் எல்லோருக்கும் மிகுந்த சிரமம். எதற்கும் சாஸ்தாவைக் கேட்காமல் முடிவு எடுக்கமாட்டார். தொழுவத்துக்குத் தெற்கே வேப்பமரத்தடியில் எங்கள் சாஸ்தாவுக்கு ஒரு பீடம், பக்கத்தில் வைரவருக்கு ஒரு கல். அங்கேதான் பூக்கட்டிப் பார்ப்பார். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, தட்டில் வைத்துச் சுற்றிவிடுவார். எந்தப் பொட்டலத்தில் எது என்று யாருக்கும் தெரியாது. 'செய்யலாமா சாமி?' என்று கேட்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செம்பருத்தி. மற்றவர்கள் அரளி வைப்பார்கள், மாடு தின்றால் செத்துப்போகும் என்று எங்கள் வீட்டில் அரளிச் செடியையே அண்டவிடுவதில்லை.

இதில் ஒரு முறை உண்டு. உத்தரவாக வந்த பூவை வீட்டு உத்தரத்தில் செருகிவைக்க வேண்டும். அந்தப் பூ எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டார் சாஸ்தாவைக் கேட்காமல் சின்னக் காரியம்கூடச் செய்யக்கூடாது. எங்கள் உத்தரத்தில் காய்ந்த பூக்கள் வரிசையாக இருந்தன. அதனால் கிடையை எந்தப் புஞ்சைக்கு மாற்றுவது என்பதில் தொடங்கி, தொழுவத்துக்குக் கூரை வேய்வது வரைக்கும் பூக்கட்டித்தான் நடந்தது. ஒருமுறை சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று மாமியார் எரிச்சலில் கேட்க, அதையும் மனிதர் பீடத்துக்குக் கொண்டு போய்விட்டார்.

பொட்டலத்தை எடுக்கிறவருக்கு ஆசை, எதிர்பார்ப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பது மாமனாரின் கண்டிப்பு. அதனால் பக்கத்து வீட்டுச் சிறு பெண்ணை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு என் கொழுந்தன் சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்ததை ஒருநாள் அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அன்றே அவள் பதவி போயிற்று. அதற்குப் பின் அவருக்குத் தோன்றிய ஆள்தான் ஜப்தி. வைரவர் வாகனம், பொய் சொல்லத் தெரியாது, கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடுகிற பழக்கமும் இருக்கிறது. அவர் இதைச் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் ஒத்துக்கொண்டிருப்பீர்கள்.

பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு வந்தது. புதிதாக வந்தவள், வீட்டு விவகாரம் எதிலும் எனக்குப் பங்கில்லை என்று மாமனார் நினைத்தார். பூவைப் பறித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், நான் கட்டுவேன். அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகலாமா என்று கேட்ட அன்றைக்கு நந்தியாவட்டையில் கருவாட்டு வாசனை அடித்தது. தபசு பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தவன் கொழுந்தன். ஜப்தி அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்தது, எல்லோரும் தபசுக்குப் போனோம். பால் வற்றிப்போன கிழட்டுப் பசுவைச் சந்தைக்கு அனுப்பலாமா என்று கேட்ட அன்றைக்குச் செம்பருத்தி வழுவழுவென்று நெய்யாக இருந்தது. அந்தப் பசு மாமியாரின் செல்லம். சாமி கூடாது என்று சொல்லிவிட்டார், பசு வயதாகித் தானாகப் போய்ச் சேரும்வரை எங்களோடு இருந்தது.

நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கருவாட்டுக்காரனுக்கு நெய்க்காரியைத் தெரியாது, நெய்க்காரிக்குக் கருவாட்டுக்காரனைத் தெரியாது. சாஸ்தா எங்கள் வீட்டை நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பண்ணையார் வந்தார். எங்கள் மாடுகள் மேய்ந்த புஞ்சைகளில் முக்கால்வாசி அவருடையவை. குளத்துக்குள் தண்ணீர் வற்றியதும் புல் முளைக்குமே, அந்தப் புல்லும் அவர் பாத்தியதை. அவர் முகம் சுளித்தால் மாடுகளுக்குக் கோடையில் வாய்க்குப் புல் இல்லை. பெரிய மனிதர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் எவரிடமும் எதையும் கேட்டுச் செய்து பழக்கமில்லாதவர். அவருடைய சம்பந்தி ஒருவர் ராஜபாளையத்து வெள்ளை நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கெல்லாம் போய்வருவாராம். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்கு மனசு ஆறவில்லை.

வில்வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று ஜப்தி மாடு திருப்புவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தன்னை மறந்து நின்றார். பிறகு மாமனாரைக் கூப்பிட்டார்.

"அந்த நாயை எனக்குக் கொடும் வே. வெங்கலச் சட்டியில பால்சோறு வச்சு வளக்கேன்."

முடியாது என்று சொல்ல மாமனாருக்கு வழியில்லை. கொடுக்கிறேன் என்று சொல்ல மனசும் இல்லை. இப்படிப்பட்ட இக்கட்டில் நம்மைப் போன்றவர்கள் சாமியைத்தான் முன்னால் நிறுத்துவோம். சாஸ்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் அதைப் புரிந்துகொண்டு போயிருப்பார்கள். பண்ணையார் சந்தோஷமாகத் தலையாட்டி, வெள்ளிக்கிழமை காலை தானும் வருவதாகவும், தன் முன்னாலேயே கேட்கும்படியும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

வெள்ளிக்கிழமை வரை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் ஜப்தியின் கழுத்தில் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். எடுக்க உண்ணி இல்லாதபோதும் தடவிக்கொண்டிருந்தார். மாமியார் அதன் பழைய காயத்தில் சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார். கொழுந்தன், வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் பங்குச் சோற்றில் பாதியை அதற்கு வைத்தான். நாய் போனால் என் வீட்டுக்காரர் எப்படி இருப்பார் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை.

கேள்வியைப் பற்றி எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 'நாயைக் கொடுக்கலாமா?' என்பதுதான் கேள்வி. வெள்ளை வந்தால் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆகவே சிவப்பு வரவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

காலையில் நான் தட்டை எடுத்தபோது நந்தியாவட்டை பனி ஈரத்தோடு சுத்தமாக இருந்தது. செம்பருத்தியைத் தொட்டேன், விரல் வழுக்கியது. மாமியாரின் நெய். மோந்து பார்த்தேன், கருவாடு. அதுவும் போதாதென்று இதழ்களுக்கு நடுவே கருப்பட்டித் தூள் ஒட்டியிருந்தது. கருப்பட்டி எப்போதும் மடியில் வைத்திருப்பது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். தகப்பனார் சொல்லைத் தாண்டாத மனிதர், அவரும் இறங்கிவிட்டார். நான் என் பங்குக்குக் கொஞ்சம் வெண்ணெய் தடவினேன். ஏற்கெனவே ஒரு விருந்து பரிமாறியிருந்த பூவுக்கு அது தேவையே இல்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கட்டி முடித்து இரண்டு பொட்டலங்களையும் பீடத்தின் முன்னால் வைத்தேன்.

பண்ணையார் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார். மாமனார் சூடம் ஏற்றினார், தட்டைச் சுற்றிவிட்டார், கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார். 'கொடுக்கலாமா' என்ற சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை என்பது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. அவருக்கும் அந்த நாய் மேல் அவ்வளவு பிரியம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேள்வியையே மாற்றிவிட்டார்.

"சாஸ்தாவே, ஜப்தி எங்ககிட்டயே இருக்கட்டுமா? இருக்கலாம்னா வெள்ளையைக் கொடு. ஐயா கூடப் போகட்டும்னா சிவப்பைக் கொடு."

கொழுந்தனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மாமியார் சங்கரநாராயணரை, கோமதி அம்மனை, தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் கம்பை இறுகப் பிடித்தபடி பூமியைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், தங்களைத் தவிர மற்ற இரண்டு பேரும் அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. பண்ணையார் அவர்களுடைய பக்தியைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேள்வியை முழுசாகக் கேட்காமல் பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நோய் இன்னதென்று பார்ப்பதற்கு முன்னாலேயே ஊசியில் மருந்தை ஏற்றுகிற பழக்கம் உங்களில் ஒருவருக்கு இருக்கிறது. யார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

ஜப்தியை அவிழ்த்துவிட்டார்கள். அது நடக்கவில்லை, பாய்ந்தது. வழக்கமாகப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வந்து மாமனாரின் காலடியில் போடும். அன்றைக்கு அதற்கு அந்தப் பொறுமை இல்லை. சிவப்புப் பொட்டலத்தின் முன்னால் உட்கார்ந்தது, இலை, நார், பூ, எல்லாவற்றையும் சேர்த்து நாலே கடியில் விழுங்கிவிட்டு, தட்டையும் நக்கியது. மற்ற பொட்டலத்தை ஒருமுறை மோந்துவிட்டு, அது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதுபோல் திரும்பிக்கொண்டது.

பண்ணையார்தான் முதலில் தெளிந்தார். மீதிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே நந்தியாவட்டை இருந்தது. அப்படியானால் தின்றது சிவப்பு, உத்தரவு ஆகிவிட்டது, நாய் தனக்கு என்றார். மாமனார் மெல்லத் தலையசைத்தார். என் வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் மாடுகள் இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பெரிய மனிதர் எதிரில் வீட்டு மருமகள் வாய் திறப்பது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அவரைப் பார்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு. அதனால் நான் மாமியாரைப் பார்த்துப் பேசினேன். எடுத்து வந்து காலடியில் போட்டால்தானே உத்தரவு, தின்றது எப்படி உத்தரவாகும் என்று கேட்டேன். மாமனார் உடனே, வாயில் எடுத்தாலே எடுத்த கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சொன்னேனே, அவர் பொய் சொல்லமாட்டார். பண்ணையார் தன் ஆளைக் கயிறு கொண்டுவரச் சொன்னார்.

ஒரு வழி அடைபட்டுவிட்டால் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. எதிராளி சொல்வதை ஒத்துக்கொண்டு, அவரோடேயே இரண்டு எட்டு நடந்து பார்க்க வேண்டும். மாடு மேய்த்தவர்களுக்கு இது தெரியும். மிரண்ட மாட்டை எதிரே நின்று மறிக்கக்கூடாது, கூடவே ஓடித்தான் திருப்ப வேண்டும். மாமனார் பொய் சொல்லமாட்டார் என்பதுதான் எங்களைக் கவிழ்த்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

"சரி அத்தே, உத்தரவு ஆயிட்டு. ஐயா கூட்டிட்டுப் போகட்டும். ஆனா உத்தரவுப் பூ நாய் வயித்துக்குள்ளல்லா இருக்கு? நாய் போற வீட்டுக்குப் பூவும் போகுமே. முறையை ஐயாகிட்டச் சொல்லிரச் சொல்லுங்க."

மாமியார் கெட்டிக்காரி. ஒரு நொடியில் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் நமக்கல்லவா வரும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன முறை என்று பண்ணையார் கேட்டார். மாமனார் மிகுந்த அக்கறையோடு, ஒன்றையும் விடாமல் விளக்கினார். பூ இருக்கிற வீட்டில் சாஸ்தாவைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. விதைக்க, அறுக்க, வண்டி பூட்ட, வெளியூர் போக, எதற்கும் இங்கே வந்து பூக்கட்டிப் பார்க்க வேண்டும்.

பண்ணையார் முகம் மாறியது. "முடி வெட்டணும்னாலுமா கேக்கணும்?"

"ஆமா ஐயா. நான் கேட்டுட்டுத்தான் வெட்டுதேன். சித்திரையில இருந்து சிவப்பாவே வருது."

எல்லோரும் மாமனாரின் தலையைப் பார்த்தோம். அது தோளைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பண்ணையார் தன்னையறியாமல் தன் கிராப்பைத் தடவிக்கொண்டார்.

ஆனாலும் அவர் சுலபத்தில் விடுகிறவர் இல்லை. யோசித்துப் பார்த்து, பூ நாயின் வயிற்றில் எத்தனை நேரம் இருந்துவிடும், நாளைக் காலையில் வெளியே வந்துவிடுமே, அதோடு தீர்ந்தது என்று சொல்லிச் சிரித்தார். நியாயமான கேள்விதான். அதுவரை ஒரு மூலையில் நின்று இருமிக்கொண்டிருந்த கொழுந்தன் அப்போது முன்னால் வந்தான். அவன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நான் அவனிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"வந்த பெறவு அதை எடுத்து உத்தரத்துல செருகணும் ஐயா."

பண்ணையார் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடிச் சற்று நேரம் யோசித்தார். இதுவரை இப்படி ஒன்று நடந்ததில்லை என்றாலும், பூ எந்த நிலையில் இருந்தாலும் பூதான், ஆகவே செருகுவதுதான் முறையாக இருக்கும் என்று மனமாரச் சொன்னார். பண்ணையாருக்குப் பெரிய காரை வீடு, தேக்கு உத்தரம், அதற்குக் கீழேதான் அவருடைய ஊஞ்சல் தொங்குகிறது. பண்ணையார் அந்தக் காட்சியைத் தன் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். கயிறு கொண்டுவந்த ஆளை வண்டியைத் திருப்பச் சொன்னார். சாமியே பூவைத் தின்னக் கொடுத்த நாய், அதைச் சாமி பக்கத்திலிருந்து பிரிக்கக்கூடாது, இங்கேயே கிடக்கட்டும் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, பீடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். புல்லுக்கும் புஞ்சைக்கும் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஜப்தி எதிரே வந்தால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். மாமனாருக்கு மட்டும் உறுத்தல் தீரவில்லை. சிவப்பு வந்தால் ஐயாவோடு போகட்டும் என்று கேட்டது அவர். சிவப்பும் வந்துவிட்டது, நாயோ இங்கேயே நிற்கிறது, இது சாமியை ஏமாற்றுவது அல்லவா? உடனே ஜப்தியைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார். குளத்தங்கரை வரைக்கும் நாயை வண்டியோடு போகவிட்டு, அங்கிருந்து திரும்பக் கூட்டி வந்தார். போகட்டும் என்றுதானே கேட்டேன், போய்விட்டது, திரும்பி வரக்கூடாது என்று சாமி சொல்லவில்லையே என்று முகம் மலர்ந்து சொன்னார்.

மாமியார் இதற்காகச் சங்கரன்கோவிலில் வெள்ளி உரு வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டிருந்தார். அங்கே உருக்கள் பாம்பும் தேளுமாகத்தான் கிடைக்கும். நாய் வேண்டும் என்று அடம்பிடித்து ஆசாரியைச் செய்யச் சொன்னார். அவர் செய்து கொடுத்ததைப் பார்த்தால் காது முளைத்த பல்லி மாதிரி இருந்தது. சாமிக்குப் புரியும் என்று உண்டியலில் போட்டுவிட்டோம்.

அன்று மாலை பால் கறந்துகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் தொழுவத்து வாசலில் வந்து நின்றார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். வந்தால் ஏதாவது மாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு நீ வாய் தொறக்கலைன்னா, எனக்கு நல்ல காலும் போயிருக்கும் பாத்துக்கோ."

நான் பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

ஜப்தி எங்களோடு இன்னும் பல கோடைகள் மாடு திருப்பியது. ஆனால் பூ எடுக்கிற பதவியிலிருந்து மறுநாளே அதை நீக்கிவிட்டார் மாமனார். சாமி முன்னால் வைத்ததைத் தின்னுகிற அளவுக்கு அதற்கு ஆசை வந்துவிட்டது, இனி அதன் வாக்கு செல்லாது என்றார். எங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தார். மாமியாருக்குப் பசு மேல் ஆசை, கொழுந்தனுக்கு ஊர் சுற்றுவதில் ஆசை, மூத்தவனுக்கு நாய் மேல் ஆசை. கடைசியில் என் பக்கம் விரலை நீட்டினார்.

"இந்தப் புள்ளைக்கு எது மேலயும் ஒரு ஆசையும் கெடையாது, ஒரு சூதுவாதும் தெரியாது. இனிமே பூவை இவதான் எடுக்கணும்."

கொழுந்தனுக்கு மறுபடி இருமல் வந்தது. பொட்டலம் கட்டுகிற வேலை மாமியாருக்குப் போயிற்று. அவர் நாரில் முடிச்சுப் போடும் விதத்தை நான் பார்த்துக்கொள்வேன், எந்தப் பூவுக்கு ஒற்றை முடிச்சு, எதற்கு இரட்டை முடிச்சு என்று அடுப்படியிலேயே பேசி வைத்துக்கொள்வோம். இப்போது யாரும் ரகசியமாக நல்லது செய்யவில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம். கிடையைப் பண்ணையாக்கியது, தரிசை வாங்கிக் கிணறு வெட்டியது, கொழுந்தனுக்குப் பெண் பார்த்தது, எல்லாமே அப்படி நடந்ததுதான். மாமனார் கண்மூடும்வரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாய் எடுத்த காலத்தைவிட மருமகள் எடுக்கிற காலத்தில் சாமி இந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று.